பிக்கப் இல்லாத வண்டி

ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பாயாமல், ஒரு கணம் திணறிவிட்டு வேகமெடுப்பது கார்களுக்குத் தொடக்கம் முதலே உள்ள நோய். 'வண்டி பிக்கப் இல்லை' என்று பட்டறைக்கு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புழுதி அதை இன்னும் கூட்டும். பல்லடம்–தாராபுரம் சாலையில் உள்ள குண்டடம் மழை குறைந்த வறண்ட நிலம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று புழுதியை வாரி இறைக்கும். இத்தகைய சாலைகளில்தான் கொங்கு வட்டார மோட்டார்த் தொழில் வளர்ந்தது. கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பஸ்கள் பெருகப் பெருக, அவற்றைப் பழுது பார்க்கும் கைகளும் உள்ளூரிலேயே உருவாக வேண்டியிருந்தது.

திணறலின் காரணம் எளியது. திடீரென மிதிக்கும்போது, என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் வால்வு அகலத் திறக்கிறது. காற்று லேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கிவிடும். அந்த இடைவெளியில் கலவை மெலிந்து என்ஜின் தடுமாறுகிறது. அதை நிரப்ப, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் ஒவ்வொரு கார்பரேட்டரும் தனக்கென ஒரு தந்திரம் வைத்திருந்தது.

தொடக்க கால அம்பாசிடரில் இருந்தது எஸ்.யு. கார்பரேட்டர். காற்றின் இழுப்புக்கேற்ப அதிலுள்ள பிஸ்டன் மேலேறும். அதன் உள்தண்டில் நிரப்பிய எண்ணெய் அது துள்ளி எழாமல் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் தயங்கும் நேரத்தில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் சற்று மிகுதியாக வரும். எண்ணெய் வற்றிவிட்டால் மிதித்தவுடன் வண்டி இடறும். மேல் மூடியைத் திருகி எடுத்து மெல்லிய எண்ணெயைச் சிறிது விட்டால் தீர்ந்தது. இது தெரியாதவர் ஜெட், பிளக் என்று அரை நாள் கழற்றி மாட்டுவார்.

பிரீமியர் பத்மினியிலும் பிந்தைய அம்பாசிடரிலும் வந்த சோலெக்ஸ் வகையில் வேறு வழி: மிதிக்கும்போதெல்லாம் ஒரு சிறு பம்பு பெட்ரோலைப் பீய்ச்சும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் ஓடாதபோது லிவரைக் கையால் தள்ளி உள்ளே பார்த்தால் அந்தத் தாரை தெரியும். தெரியாவிட்டால் பம்பின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது துளை அடைத்திருக்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் 796 சிசி என்ஜினும் கார்பரேட்டரில் ஓடியதால், பழைய கைத்திறன் அதற்கும் செல்லுபடியானது.

குற்றம் எப்போதும் கார்பரேட்டருடையது அல்ல. ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ந்திருக்கலாம். தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ.யிலிருந்து விலகியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்வம் டயாஃப்ரம் கிழிந்ததா என்று அறிய, மெக்கானிக்குகள் அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். உள்தட்டு அசைந்து நின்றால் நல்லது, காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிசல். கருவி எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய சோதனை இது. புழுதி அடைத்த ஏர் ஃபில்டரையும் முதலில் பார்த்தாக வேண்டும்.

2000 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதற்கும் கடுமையானபோது கார்களில் கார்பரேட்டரின் காலம் முடியத் தொடங்கியது. கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. பரவியது, பின்னர் படிப்படியாகக் கேபிளும் மறைந்தது. மிதியிலுள்ள இரண்டு சென்சார்கள் தனித்தனியே தகவல் அனுப்ப, வால்வைத் திறப்பது ஒரு மோட்டார். இரண்டு தகவல்களும் பொருந்தாவிட்டால் கணினி எச்சரிக்கை விளக்கை ஏற்றி, வேகத்தையே மட்டுப்படுத்திவிடும்.

அப்போது பட்டறைக்குள் நுழைந்த ஸ்கேனர் வேலையைச் சுலபமாக்கியது, சோம்பலையும் தந்தது. பிழை எண் எந்தச் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும். சென்சார் கெட்டதா, அதன் கனெக்டர் களிம்பு பிடித்ததா என்பது மல்டிமீட்டரால் பார்த்தால்தான் தெரியும். எண்ணைக் கண்டதும் சென்சாரை மாற்றி, காசு வாங்கி, மறுவாரம் அதே வண்டியைத் திரும்பப் பார்ப்பது வீண். த்ராட்டில் வால்வில் படியும் கரியைத் துடைத்தாலே பல கார்கள் சரியாகும். ஆனால் துடைத்தபின் பல மாடல்களில் ஐட்லிங் நிலையைக் கணினிக்கு மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய திணறல் தொடங்கும்.

காமன் ரெயில் டீசல் பரவியதும் இன்னொரு குழப்பம் சேர்ந்தது. 2007இல் வந்த 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசலில், என்ஜினின் நிமிடச் சுழற்சி 2,000க்குக் கீழே இருக்கையில் டர்போ முழுதாக எழாது. அது பழுதல்ல, இயல்பு. கியரைக் குறைத்து ஓட்டிப் பார்த்தும் இழுக்காவிட்டால்தான் வெடித்த ஹோஸ், புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைப்பு, அடைபட்ட டீசல் ஃபில்டர் எனத் தேட வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி சேர்ந்தது. ஊருக்குள் குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அது நிறைந்து, கணினி விசையைக் குறைக்கிறது. ஆரம்பத்திலேயே கவனித்து, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கரி எரிந்துவிடும். முற்றிவிட்டால் ஸ்கேனரின் உதவியோடு பட்டறையில் எரிக்க வேண்டும்.