காற்றளவு உணரியும் எஞ்சின் தடுமாற்றமும்: ஒரு வரலாறு

காரின் கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டாலும் எஞ்சின் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். மெக்கானிக்குகள் இதை 'ஐடிலிங்' என்றும் 'ஸ்லோ' என்றும் சொல்வர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். சுற்று ஏறி இறங்குவதும், வண்டி குலுங்குவதும், நின்று நின்று போவதும் ஐடிலிங் தடுமாற்றம் ஆகும். அதற்கான காரணங்களுள் ஒன்று, எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளக்கும் உணரி (சென்சார்) பழுதாவது.

நெடுஞ்சாலை வேகத்தில் இக்கோளாறு பெரும்பாலும் மறைந்திருக்கும், நெரிசலில்தான் வெளிப்படும். அதற்குத் திருவண்ணாமலை நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் மக்கள் நடக்கின்றனர். கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. சென்னை, பெங்களூரு, புதுச்சேரி ஆகிய ஊர்களிலிருந்து வேகமாக வந்த கார்கள் இங்கே ஊர்ந்து செல்ல நேர்கிறது. வழியில் தெரியாத கோளாறு அப்போது வண்டியை நிறுத்திவிடுகிறது.

கார்புரேட்டர் காலம்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 ஆகிய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். சென்னைக்கு அருகிலுள்ள மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கார்புரேட்டர்களைத் தயாரித்தது. ஐடிலிங் கெட்டால் மெக்கானிக் திருப்புளியால் இரண்டு திருகுகளைத் திருப்புவார். ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று கலவைக்கு. சத்தம் சீரானதும் வேலை முடிந்தது. காதுதான் அன்றைய அளவுகருவி.

காற்றை அளக்கும் முயற்சி

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே காற்றின் எடை தெரிந்தால்தான் பெட்ரோலின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியும்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறை, உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிட்டது. 1970களில் வந்த அடுத்த முறையில், காற்று தள்ளும்போது திறக்கும் ஒரு மடல் அளவுகோலானது. 1980களின் தொடக்கத்தில் சூடான கம்பி முறை வந்தது.

இதன் அறிவியல் அடிப்படை இன்னும் பழையது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக இயற்பியலாளர் லூயி வெசட் கிங், காற்றோட்டத்தில் சூடான கம்பி எவ்வாறு குளிர்கிறது என்பதை 1914-இல் சமன்பாடாக வெளியிட்டார். உணரியிலும் அதுவே நடக்கிறது. மெல்லிய பிளாட்டினக் கம்பியை மின்சாரம் சூடாக்குகிறது. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கிறது. வெப்பநிலை குறையாமல் இருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை தெரியவரும். பின்னர் கம்பியின் இடத்தில் மெல்லிய சூடான படலம் வந்தது.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியச் சாலைக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பரவலாகக் கொண்டுவந்தது மாசுக் கட்டுப்பாடு. தலைநகர் தில்லிப் பகுதியில் புதிய கார்களுக்கு யூரோ அளவுகளை உச்ச நீதிமன்றம் 1999-இல் கட்டாயமாக்கியது. பாரத் ஸ்டேஜ் 4 அளவுகள் 2017 ஏப்ரல் முதலும், பாரத் ஸ்டேஜ் 6 அளவுகள் 2020 ஏப்ரல் முதலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998-இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, உட்செலுத்தல் முறையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் அறிமுகப்படுத்திய கார்களுள் ஒன்று.

எல்லாக் கார்களிலும் காற்றளவு உணரி இருப்பதில்லை. பல சிறிய பெட்ரோல் கார்களில் அழுத்த உணரியே அந்த வேலையைச் செய்கிறது. பல டீசல் கார்களில், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பைக் கட்டுப்படுத்தக் காற்றளவு உணரி பயன்படுகிறது. எந்த வண்டியில் எது உள்ளது என்று அறிவதே பழுது பார்ப்பதன் முதல் படி.

கண்டறியும் முறை

பெட்ரோல் காரில் உணரிக் கம்பியில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால், காற்று அதை முழுமையாகக் குளிர்விக்காது. உள்ளே செல்வதைவிடக் குறைந்த காற்றே செல்வதாக உணரி சொல்லும். கணினி பெட்ரோலைக் குறைக்கும், எஞ்சின் தடுமாறும். ஆனால் உணரிக்குப் பிறகு உள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அப்போது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. இரண்டையும் காதால் பிரித்தறிவது கடினம்.

பிரித்துக் காட்டுவது ஸ்கேனர். ஆக்சிஜன் உணரி தரும் தகவலைக் கொண்டு கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதை அது காட்டும். ஐடிலிங்கில் இத்திருத்தம் மிக அதிகமாக இருந்து, 2,500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால், காற்றுக் கசிவையே முதலில் தேட வேண்டும். ஏனெனில், உள்ளே செல்லும் காற்று கூடும்போது கசிவின் பங்கு சிறிதாகிவிடும். வேகம் கூடியும் திருத்தம் குறையாமலோ, இன்னும் கூடியோ நின்றால் உணரியின் மீது ஐயம் வலுக்கும். சில உணரிகள் ஐடிலிங்கில் காற்றைக் கூட்டியும், வேகத்தில் குறைத்தும் காட்டுவது உண்டு.

மற்றொரு சோதனையில் எஞ்சினை நிறுத்தி, உணரியின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் இயக்குவர். பல கார்களில் கணினி அப்போது மாற்றுக் கணக்கைக் கொண்டு ஓட்டும். குலுக்கல் குறைந்தால் ஐயம் உறுதிப்படும். ஆனாலும் இது முழுச் சான்று ஆகாது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சூடேறிய பின் ஐடிலிங்கில் நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் காற்றை இழுக்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அழுக்குதான் காரணம் என்றால், இதற்கென்று விற்கப்படும் திரவத்தைத் தெளித்து உலரவிட்டால் போதும். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும். கார்புரேட்டரைக் கழுவும் திரவமும் உணரியைக் கெடுக்கக்கூடும்.

பட்டறையில் ஏற்பட்ட மாற்றம்

பிழைக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு உணரியை மாற்றுவது செலவு மிக்க தவறாகும். 'பி 0101' என்ற குறியீடு உணரி கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. அதன் அளவு எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை என்றே சொல்கிறது. புதிய உணரியைப் பொருத்திய பிறகும் கசிவு அப்படியே இருந்தால் வண்டிக்காரரின் பணம் வீண். மெக்கானிக்கின் நற்பெயருக்கும் இழுக்கு.

அதனால் பழைய அறிவு பயனற்றுப் போய்விடவில்லை. குழாயில் காற்று சீறும் ஒலி, தளர்ந்த கிளாம்ப், ஈரமான ஏர் ஃபில்டர் ஆகியவற்றை இன்றும் காதும் கண்ணும் கையுமே முதலில் கண்டுபிடிக்கின்றன. அவை தரும் ஐயத்தை எண்களால் சரிபார்ப்பதே ஸ்கேனரின் வேலை. திருப்புளியோடு வளர்ந்த தலைமுறைக்கு எண்களைப் படிக்கவும், ஸ்கேனரோடு வளரும் தலைமுறைக்கு எஞ்சினின் ஒலியைக் கேட்கவும் பயிற்சி தேவைப்படுகிறது.