சளிப்பூஞ்சையும் கோயிற்காடும்

மழை ஓய்ந்த காட்டில், மக்கிய மரத்தின்மீது மஞ்சளாகவோ வெண்மையாகவோ கோழைபோற் படர்ந்து கிடக்கும் ஒன்றை உயிரென்று எண்ணுவார் அரியர். ஆயினும் அது ஊர்கிறது. பாக்டீரியாக்களை விழுங்கி வளர்கிறது. பல்லாயிரம் உட்கருக்கள் இடைச்சுவரின்றி ஒரே செல்லுக்குள் மிதக்கின்றன. உள்ளிருக்கும் கூழ் ஒரு திசையில் ஓடி, சற்றே நின்று, பின் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஈரம் வற்றினால் இறுகித் துயில்கிறது. மீண்டும் நனைந்தால் விழித்தெழுகிறது. இரை தீர்ந்தபின் ஊர்தலை விடுத்து, காம்பும் தலையுமாகச் சின்னஞ்சிறு உருவங்கொண்டு நின்று, வித்துத் தூளைக் காற்றில் விடுகிறது. இதனையே சளிப்பூஞ்சை என்கிறோம்.

பெயரில்தான் பூஞ்சை. 1829இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஃபிரீஸ் இதனைப் பூஞ்சைகளோடு சேர்த்தார். அதன் வித்திலிருந்து வெளிப்படுவது அசையும் உயிரி என்று கண்ட ஜெர்மானியர் அன்டன் டி பாரி, 1859இல் பூஞ்சை, விலங்கு என்னும் இரு பொருளையும் இணைத்து 'மைசிட்டோசோவா' என்று பெயரிட்டார். ஊரும் நிலைக்குப் 'பிளாஸ்மோடியம்' என்னும் சொல்லை 1863இல் சியன்கோவ்ஸ்கி வழங்கினார். மலேரியாக் கிருமிக்குப் பின்னாளில் அதே பெயர் வாய்த்ததே தவிர, இரண்டுக்கும் உறவில்லை. இன்றைய அறிவியல் இதனை அமீபா இனத்தாரோடு வைக்கிறது. 1894இல் இவ்வுயிர்களுக்கு முழுநூல் கண்டவர் ஆர்தர் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய மதுவணிகர். அவருடைய மகள் குலியெல்மா 1911இலும் 1925இலும் அந்நூலைத் திருத்தி விரித்தார்.

இவ்விருவருக்கும் ஜப்பானிலிருந்து மாதிரிகள் அனுப்பிவந்தவர் மினகாட்டா குமகுசு. 1867இல் வகயாமாவிற் பிறந்தவர். பட்டம் எதுவும் பெறாதவர். பதவி எதுவும் வகிக்காதவர். 1892 முதல் 1900 வரை இலண்டனில் தங்கி, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற் படித்துப் படித்துக் குறிப்பெடுத்தார். 'நேச்சர்' இதழில் எழுதினார். தாயகம் மீண்டபின் நாச்சிக் காடுகளில் அலைந்து, 1904இல் தனபே என்னும் கடலோர ஊரில் நிலைத்தார்.

அவர் பெயரிலேயே ஒரு மரம் உண்டு. ஃபுஜிஷிரோ ஆலயத்தின் கற்பூரமரத்தை வணங்கி, அதன் பெயரிலொரு பகுதியைப் பிள்ளைகளுக்கு இடுவது அவ்வூர் மரபு. 'குசு' என்பது அம்மரமே. இதை மனத்திற்கொண்டால்தான் பின்வந்த சினம் விளங்கும்.

1906இல் ஜப்பானிய அரசு சிற்றாலயங்களைப் பேராலயங்களோடு இணைக்க ஆணையிட்டது. ஆலயம் போனால் அதன் காடும் போகும். பழமரங்கள் வெட்டுண்டு விலையாயின. 1914க்குள் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. வகயாமாவில் இவ்வழிப்பு கடுமையாக நடந்தது. மினகாட்டாவின் சளிப்பூஞ்சைகள் வாழ்ந்தது அந்நிழல்களில்தான். எனினும், அவர் வாதம் பூஞ்சையோடு நிற்கவில்லை. காடு அழிந்தால் பறவை அகலும், பூச்சி பெருகும், பயிர் கெடும், ஊரார் கூடும் இடமும் பழங்கதைகளும் உடன்போகும் என்று எழுதினார். 1911இல் மாவட்ட ஆளுநருக்கு எழுதிய மடலில் 'இக்காலஜி' என்னும் புதுச்சொல்லையே ஆண்டார். அவருடைய மடல்களை யானகிதா குனியோ அச்சிட்டு அறிஞரிடையே பரப்பினார்.

அவர் நடை எப்போதும் அறிஞர்க்குரியதாக இருந்ததில்லை. 1910 ஆகஸ்டில், ஆலய இணைப்பை ஆதரித்த அதிகாரி வந்திருந்த கூட்டத்தில் குடிமயக்கோடு புகுந்து தம் பையை வீசியெறிந்தார். பதினெட்டு நாள் சிறையிருந்தார். சிறையிலும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார் என்பர். அவரை அறிந்தவர்க்கு இது வியப்பாயிராது. 1920இல் மேலவை இணைப்புக் கொள்கையைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்குள் பெரும்பாலான காடுகள் சாய்ந்துவிட்டன.

1917இல் தம் வீட்டுத் தோட்டத்துச் சீமைப்பனிச்சை மரத்தில் அவர் கண்ட சளிப்பூஞ்சையைப் புதுப்பேரினமாகக் கொண்டு, 1921இல் குலியெல்மா 'மினகாட்டெல்லா' என்று பெயர் சூட்டினார். 1931இல் நண்பரொருவர்க்கு எழுதிய மடலில் மினகாட்டா ஒன்றைச் சுட்டினார்: வித்துக்காம்பு எழுந்து நிற்கையில் மக்கள் பூஞ்சை முளைத்தது என்பர், உண்மையில் ஊர்ந்து உண்ணும் வாழ்வு அங்கே முடிந்துவிட்டது. உருவற்ற சளியைச் செத்ததென்பர். அதுவே உயிர்ப்பு மிக்க நிலை. கவிஞர்கள் இக்கருத்தை அவருடைய ஆய்வுக்குறிப்புகளினும் விரும்புவர், அதில் தவறில்லை.

1929 ஜூன் 1 அன்று, தாமும் உயிரியல் பயின்றவரான பேரரசர் ஹிரோஹிதோ தனபே விரிகுடாவுக்கு வந்தார். மினகாட்டா காக்கப் போராடிய கஷிமா தீவில் இறங்கியபின், நாகதோ போர்க்கப்பலில் அவருடைய விளக்கவுரையைக் கேட்டார். அவர் காணிக்கையாக்கிய 110 சளிப்பூஞ்சை மாதிரிகள் கேரமல் மிட்டாய் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. பேரரசர்க்குரிய பொருள் மரப்பேழையில் வருவதே வழக்கம். அப்பெட்டிகள் அவர் நினைவில் நெடுநாள் நின்றன. 1935இல் கஷிமா அரசின் இயற்கைச் சின்னமாயிற்று. 1941 டிசம்பர் 29 அன்று மினகாட்டா மறைந்தார்.

1962இல் மீண்டும் அக்கடற்கரைக்கு வந்த பேரரசர், மழையில் மங்கித் தெரிந்த கஷிமாவைக் கண்டு ஒரு வாகா இயற்றினார். மினகாட்டா குமகுசுவின் முழுப்பெயரும் அதில் இடம்பெற்றது. அக்கவிதை பொறித்த கல், ஷிரஹமாவில் 1965இல் திறக்கப்பட்ட அவர் நினைவில்லத்தின் அருகே நிற்கிறது.