தார் பூசிய வேலியும் தோட்டத்து மண்ணும்

இராஜாக்களின் முதலாம் புத்தகம் 21-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டது, தன் அரண்மனைக்கருகே ஒரு கீரைக்கொல்லை வேண்டும் என்பதற்காகவே. அரண்மனையும் சேனையும் உடைய ஓர் அரசன் ஒரு துண்டுக் கொல்லைக்காக இரத்தப்பழிக்கு உள்ளானான். நாபோத்தின் இரத்தத்தைப் பற்றி எலியா தீர்க்கதரிசி பேசுகிறார். ஆனால் அரசர்களின் கொல்லைகளில் பாத்தி கட்டி நீர் இறைத்தவர்கள் யார், அவர்கள் எதை உண்டார்கள் என்பதை அறிய ஏடுகள் நமக்கு அதிகம் உதவுவதில்லை. பெரிய வீட்டின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அவ்வீட்டின் முன்வாசலில் நின்றே எழுதினார்கள்.

தொல்லியல் என்றவுடன் நமக்கு எரிகோவும் லாகீசும் கும்ரானும் நினைவுக்கு வருகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வீட்டுத் தோட்டத்தைத் தோண்டுவதும் தொல்லியலே என்று கூறினால் மாணவர்கள் சற்று வியப்புறுகிறார்கள். தோட்டம் அழிந்தபின் அங்கே என்ன எஞ்சியிருக்கும் என்பது அவர்களது கேள்வி. மண் எளிதில் மறப்பதில்லை என்பதே விடை. ஒரு வேலிக்கம்பம் மக்கிப்போனாலும், அது நின்ற குழி வேறு நிறமுள்ள மண்ணால் நிரம்பி வட்டக் கறையாக நிலைக்கிறது. எருவிட்ட பாத்தி கருத்த பட்டையாகத் தெரிகிறது. மண்ணை நீரில் கரைத்தால் கருகிய விதைகள் மிதந்து வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் துகள்கள் தக்க சூழலில் நூற்றாண்டுகள் கடந்தும் சிதையாதிருந்து, அங்கே வளர்ந்த செடி இன்னது என உருப்பெருக்கியின்கீழ் சாட்சி கூறுகின்றன.

அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் உள்ள பழைய பண்ணை மாளிகைகளில் இவ்வகை ஆய்வு கடந்த அரை நூற்றாண்டாகச் சிறப்பாக நடந்துவந்திருக்கிறது. அன்னபொலிஸ் நகரில் வில்லியம் பாக்கா என்பவரின் தோட்டத்தின்மேல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விடுதி கட்டப்பட்டிருந்தது. 1965-இல் விடுதி இடிக்கப்பட்டபின் தோண்டியபோது, அடுக்கடுக்காக இறங்கிய மேடைகள் மண்ணுக்குள் வெளிப்பட்டன. தோட்டம் மீண்டும் அமைக்கப்பட்டு 1973-இல் திறக்கப்பட்டது. பாக்கா 1776-ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். அடிமைகளை வைத்திருந்தவரும் ஆவார். கணிதமுறைப்படி அமைந்து கண்ணை மயக்கும் இத்தோட்டம், உடையவனின் அதிகாரமும் இயற்கை ஒழுங்கின் ஒரு பகுதியே என்று காண்போரை எண்ணவைக்கும் கருவி என்று, மார்க் லியோன் என்னும் தொல்லியல் அறிஞர் 1984-இல் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் சற்று மிகைப்படுத்துகிறார் என்று வாதிட்டோர் உண்டு. ஒரு மனிதன் தோட்டத்தை அழகுக்காகவே அமைக்கக்கூடாதா என்று நானும் எண்ணியதுண்டு. எனினும் அவர் பின்னர் மேற்கொண்ட வேறொரு ஆய்வு, அக்கேள்வியை அவ்வளவு எளிதாகக் கேட்க விடவில்லை.

அந்த ஆய்வு நடந்த இடம் மேரிலாந்தின் கிழக்குக் கரையில் டால்பட் மாவட்டத்திலுள்ள வை ஹவுஸ். லாயிடு குடும்பத்தார் பதினேழாம் நூற்றாண்டு முதல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பண்ணை இது. 1785-ஆம் ஆண்டையொட்டிக் கட்டி முடிக்கப்பட்ட ஒரு பசுமை இல்லம் இங்கே இன்றும் நிற்கிறது. பனிக்காலத்தில் ஆரஞ்சு முதலிய வெப்பநாட்டு மரங்களைக் காப்பதற்கான உயர்ந்த சன்னல்களுடைய கட்டடம் அது. பின்புறத்து உலையில் விறகு எரிய, வெப்பக்காற்று சுவரிலும் தரையிலும் அமைந்த குழாய்வழிகளில் சென்று செடிகளுக்குக் கதகதப்பூட்டியது. அமெரிக்காவில் அக்காலத்துப் பசுமை இல்லங்களுள் இவ்வாறு அழியாது நிற்பது அரிதினும் அரிது.

இப்பண்ணையைப் பற்றி நமக்கு ஓர் எழுத்துச் சாட்சியும் உண்டு. 1818-இல் அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், ஏறத்தாழ ஆறு வயதில் பாட்டியின் கைப்பிடித்து நடந்து இப்பண்ணைக்கு வந்து சேர்ந்தார். அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஏரன் ஆந்தனி என்பவர், லாயிடு குடும்பத்தின் பண்ணைகளை மேற்பார்த்த அதிகாரி. பண்ணையின் தலைவரான ஐந்தாம் எட்வர்டு லாயிடு, மேரிலாந்தின் ஆளுநராகவும் பின்னர் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். 1826-இல் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்படும்வரை சிறுவன் இங்கேயே வாழ்ந்தான். 1838-இல் தப்பி ஓடி விடுதலையடைந்த டக்ளஸ், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சீயோன் சபையில் உபதேசியாராகவும், பின்பு அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மாபெரும் சொற்பொழிவாளராகவும் விளங்கினார்.

1845-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் லாயிடின் தோட்டம் இடம்பெறுகிறது. தொலைவிலுள்ள நகரங்களிலிருந்தும் மக்கள் அதைக் காண வந்தார்களாம். வடநாட்டு ஆப்பிள் முதல் தென்னாட்டு ஆரஞ்சு வரை எல்லாக் கனிகளும் அங்கே விளைந்தன. பசித்த சிறுவர்களும், வயதில் மூத்த அடிமைகளும்கூட, அக்கனிகளின் கவர்ச்சிக்குத் தப்பவில்லை. பண்ணைத்தலைவர் இறுதியில் கண்ட வழி, வேலியைச் சுற்றிலும் தார் பூசிவைப்பது. யாருடைய உடலில் தார்க்கறை காணப்பட்டதோ, அவர் தோட்டத்துக்குள் புகுந்தார் அல்லது புக முயன்றார் என்பதற்கு அதுவே போதிய ஆதாரம். சாட்டையடி அதன் விளைவு. அடிமைகள் சாட்டைக்கு அஞ்சியது போலவே தாருக்கும் அஞ்சினார்கள் என்கிறார் டக்ளஸ்.

இக்கனிகளுக்கு அருகே வாழ்ந்தவர்களின் உணவையும் அவர் கணக்கிட்டுக் கூறுகிறார். வளர்ந்த ஒருவருக்கு மாதத்துக்கு 8 ராத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கீடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. குழந்தைகளுக்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். சிலர் சிப்பி ஓட்டால் அள்ளி உண்பர். வேகமாக உண்பவருக்கு மிகுதி கிடைக்கும். அந்தக் கடற்கரைப் பகுதியில் எங்கே தோண்டினாலும் சிப்பி ஓடுகள் குவியலாகக் கிடைக்கும். தோண்டுபவர் அவற்றை எண்ணி எடைபோட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தையின் கையில் கரண்டியாக இருந்தது என்பதை மண் ஒருபோதும் கூறாது, புத்தகமே கூறவேண்டும். வேலிக்கம்பத்தின் குழியை மண் காட்டும். தார் பூசியதன் நோக்கத்தைக் காட்டாது.

புத்தகம் கூறாதவற்றை மண் கூறியதும் உண்டு. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், பண்ணையை வழிவழியாக உடைய குடும்பத்தாரின் இசைவோடு, மார்க் லியோன் தலைமையில் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே தோண்டினார்கள். அடிமைகளின் குடியிருப்புகள் இருந்த பகுதியை முதலில் ஆராய்ந்து, பின்னர் பசுமை இல்லத்துக்கு வந்தனர். 2011-இல் வெளியான முடிவுகள் வியப்பளித்தன. அக்கட்டடத்தின் பின்புறத்தில், உலையை ஒட்டிய அறையில், அடிமைகள் குடியிருந்தனர். இரவு முழுவதும் நெருப்பு அணையாமல் காத்தவர்கள் அவர்களே என்று ஊகிப்பது தவறாகாது. மண்ணில் எடுத்த மகரந்தத் துகள்கள், அலங்காரப் பூச்செடிகளும் வெப்பநாட்டுச் செடிகளும் மட்டுமன்றி, உணவுக்கும் மருந்துக்கும் உரிய செடிகளும் அங்கே வளர்க்கப்பட்டதைக் காட்டின. அயல்நாட்டுச் செடியைக் கொண்டுவந்து, அதன் இயல்பறிந்து, பனிநாட்டில் பிழைக்கவைப்பது நுட்பமான கலையாகும். அக்கலை மாளிகைத் தலைவருடையது என்றே தோட்ட வரலாறுகள் எழுதிவந்தன. நாள்தோறும் கை வைத்தவரின் அறிவும் அதில் உண்டு என்பதை மகரந்தம் நினைவூட்டியது.

மற்றொரு செய்தி இறையியல் மாணவரை இன்னும் ஆழமாகத் தொடவேண்டியது. உலையின் செங்கற்கட்டுக்குள் ஒரு கல் குழவி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. குடியிருப்பின் வாசலில் கல் அம்புமுனைகளும் நாணயமும் புதைக்கப்பட்டிருந்தன. மேற்கு ஆப்பிரிக்க சமய மரபில், வாசல், அடுப்பு போன்ற இடங்களில் ஆவிகளைக் கட்டுப்படுத்த இத்தகைய பொருட்களை வைப்பது வழக்கம் என்று ஆய்வாளர் விளக்கினார்கள். வரலாற்றாசிரியன் இவ்விடத்தில் நிதானிக்கவேண்டும். ஒரு கல் சுவரில் இருப்பதனாலேயே அது வழிபாட்டுப் பொருளாகிவிடாது. கொத்தனின் கைக்கு அகப்பட்ட கல்லாகவும் இருக்கலாம். ஆயினும் வாசலில் புதைத்தவையும் அடுப்பில் பதித்ததும் ஒருசேர நோக்கப்படும்போது, ஆய்வாளரின் விளக்கத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது.

அப்பண்ணைக்கு அண்மையிலுள்ள யூனியன்வில் என்னும் சிற்றூர், உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படையில் சேர்ந்து போராடித் திரும்பிய கறுப்பின வீரர்களால் உருவானது. அவர்களில் 18 பேரின் கல்லறைகள் அவ்வூர் ஆலயத்தோட்டத்தில் உள்ளன. பண்ணையில் அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார் பலர் அங்கே வாழ்கின்றனர். அகழ்வில் எதை அறிய விரும்புகிறீர்கள் என்று ஆய்வாளர் அவர்களைக் கேட்டபோது, தங்கள் முன்னோரின் ஆன்மீக வாழ்வைப் பற்றி அறிய விரும்பினார்கள். தலைமுறைகளாக மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதித்து வருவோரின் கேள்வி இது. அக்குழவியை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் தீர்த்துவிட நினைக்கும் நம் மாணவர், இக்கேள்விக்கு முன் சற்று நேரம் அமர்ந்திருப்பது நலம்.

ஏனெனில் அதே பண்ணையில் கிறிஸ்தவம் எவ்வாறு போதிக்கப்பட்டது என்பதையும் டக்ளஸ் எழுதியிருக்கிறார். ஐசக் காப்பர் என்ற முதிய அடிமை, பண்ணைக்கு வைத்தியராகவும் குருவாகவும் இருந்தவர். சிறுவர்களை முழங்காலிடச் செய்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுப்பார். தவறினால் கையிலிருந்த பிரம்பு முதுகில் விழும். பரலோகப் பிதாவின் நாமத்தை இச்சிறுவன் கற்றது பிரம்படியோடு. அவரது பிந்திய எஜமானரான தாமஸ் ஆல்டு 1832-இல் ஒரு மெதடிஸ்ட் முகாம் கூட்டத்தில் மனந்திரும்பியதாக அறிக்கையிட்டார். அவர் இரக்கமுள்ளவராவார் என்று நம்பி ஏமாந்ததையும், அதன்பின் கொடுமை கூடியதையும் டக்ளஸ் மறைக்கவில்லை. அடிமைகளுக்கு வேதம் வாசிக்கக் கற்பித்த அவரது ஓய்வுநாள் பள்ளியைத் தடியோடு வந்து கலைத்தவர்களுள் மெதடிஸ்ட் வகுப்புத் தலைவர்களும் இருந்தனர். தம் நூலின் பிற்சேர்க்கையில் கிறிஸ்துவின் மார்க்கத்தையும் அடிமை வைத்திருப்போரின் மார்க்கத்தையும் அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டுவதற்கு இவ்வனுபவங்களே காரணம். கூட்டத்தின் எண்ணிக்கையையும் மனந்திரும்பினோர் தொகையையும் மட்டும் பதிந்துவைக்கும் சபைப் பதிவேடுகளைக் கொண்டு திருச்சபை வரலாறு எழுதுகிறவர்கள், அப்பிற்சேர்க்கையை ஒருமுறையேனும் படித்துவிட்டு எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

வேலியைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில் 1979 முதல் வில்லியம் கெல்சோ என்பவர் தோட்டத்தை அகழ்ந்தார். மலைச்சரிவை வெட்டி அமைத்த 1000 அடி நீளமுள்ள காய்கறித் தோட்ட மேடையும், அதைத் தாங்கிய கற்சுவரும், தோட்டத்து மண்டபத்தின் அடித்தளமும், வேலியின் கம்பக்குழிகளும் வெளிப்பட்டன. ஜெஃபர்சனின் குறிப்பேட்டில் பட்டாணி விதைத்த நாளும் பறித்த நாளும் உண்டு. மலையை வெட்டியோர் கூலிக்கு எடுக்கப்பட்ட அடிமைகள். 10 அடி உயர வேலி ஒரு சிறு முயலும் நுழையாதபடி நெருக்கமாக அடிக்கப்பட்டது. விந்தை என்னவெனில், அவ்வளவு பெரிய தோட்டமிருந்தும், அடிமைகள் தங்கள் ஓய்வு வேளையில் சிறு கொல்லைகளில் விளைத்த காய்களையும், அவர்கள் வளர்த்த கோழிகளின் முட்டைகளையும் மாளிகையார் காசு கொடுத்து வாங்கியதை, ஜெஃபர்சனின் பேத்தி எழுதிய வீட்டுக் கணக்கு காட்டுகிறது. இந்த ஜெஃபர்சனே ஒரு செவ்விந்தியப் புதைமேட்டை முறையாகத் தோண்டி ஆராய்ந்து எழுதியதால் அமெரிக்கத் தொல்லியலின் தந்தை எனப்படுகிறார். அவருடைய சொந்தப் பண்ணையில் அடிமைகளைப் புதைத்த நிலம் 2001-இல்தான் தொல்லியலாரால் அடையாளம் காணப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட குழிகள் அங்கே உள்ளன.

அண்மையில் மிகப் பேசப்பட்ட செய்தி ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையிலிருந்து வந்தது. நிலவறைத் தரையின்கீழ் இருந்த குழிகளில் 35 கண்ணாடிப் புட்டிகள் கிடைத்ததாக 2024-இல் அறிவித்தார்கள். அவற்றுள் 29 உடையாதவை. உள்ளே செர்ரி முதலிய கனிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் அடைத்தபடியே இருந்தன. செய்தித்தாள்கள் வாஷிங்டனின் பழங்கள் என்று எழுதின. மரத்தில் ஏறிப் பறித்து, புட்டியில் அடைத்து, குளிர்ந்த குழியில் இறக்கியவர்கள் அவரது அடிமைகள்.

டக்ளஸ் 1881 ஜூன் மாதத்தில் வை ஹவுஸுக்கு மீண்டும் சென்றார். அப்போது அவர் நாடறிந்த மனிதர். அரசாங்கப் பதவி வகித்தவர். லாயிடு வழியில் வந்த இளைஞர் ஒருவர் அவரை வரவேற்று, மாளிகையையும் தோட்டத்தையும் சுற்றிக்காட்டினார். பிள்ளைப்பருவத்தில் தாம் உறங்கிய இடத்தையும் டக்ளஸ் தேடிக் கண்டார். பின்னர் பசுமை இல்லத்துக்கு அப்பாலுள்ள குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றனர். அங்கே அவ்விளைஞர் சுற்றியிருந்த கல்லறைகளிலிருந்து பூக்களையும் பசுந்தழைகளையும் பறித்துச் செண்டாகக் கட்டிக் கொடுத்தார். அதை டக்ளஸ் வாடவிடாமல் கவனமாக வாஷிங்டனிலிருந்த தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.