கணவாய் ஏறும் பற்சக்கரம்

கேகாலையிலிருந்து மாவனல்லை வழியாகக் கண்டி நோக்கிச் செல்லும் பஸ் வண்டி, கடுகண்ணாவைக் கணவாயை அடைந்ததும் குரல் மாறுகிறது. சாரதி கியரைக் குறைக்கிறார். வேகம் தளர்கிறது, இழுவை கூடுகிறது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இப்பாதையை அமைத்தவர் கப்டன் டோசன். 1829இல் மறைந்த அவருக்கு 1832இல் எழுப்பப்பெற்ற கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அக்காலத்து மாட்டுக்குக் கியர் ஏது? ஏற்றத்தில் அதன் தோள் வலிமையே துணை.

பற்சக்கரத்தின் கணக்கு எளியது. 8 பற்கள் கொண்ட சக்கரம் 24 பற்கள் கொண்டதைச் சுழற்றினால், பெரியது மூன்றிலொரு பங்கு வேகத்தில் சுழலும். உராய்வில் இழப்பது போக, அதன் முறுக்கு விசை ஏறத்தாழ மும்மடங்காகும். லொறிக்கும் குழந்தையின் விளையாட்டு வண்டிக்கும் விதி ஒன்றே.

இவ்விதியை விளையாட்டுப் பெட்டிக்குள் புகுத்தியோருள் முதன்மையானவர் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹோர்ன்பி. துளையிட்ட உலோகத் தகடுகளுக்கு 1901இல் அவர் பெற்ற உரிமமே பின்னர் மெக்கானோ ஆயிற்று. அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. 1934இல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் அவ்வுறுப்புகளைக் கொண்டே வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறியொன்றை ஆக்கினர்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958இல் உரிமம் கோரிய பிளாஸ்டிக் செங்கல் வேறு வழியில் வளர்ந்தது. 1977இல் அந்நிறுவனம் துளையுள்ள செங்கல்களையும் பற்சக்கரங்களையும் இணைத்து மோட்டார் வண்டிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. சிறு மின்மோட்டார் விரைந்து சுழலும்; விசையோ அற்பம். நேரே சக்கரத்தில் பூட்டினால் சாய்த்த பலகையில்கூட வண்டி ஏறாது. 8க்கு 24 என்னும் சோடியை மும்முறை தொடுத்தால் வேகம் இருபத்தேழில் ஒரு பங்காகும், அப்பொழுதே ஏறும்.

ஆனால் விரும்பிய விகிதம் எளிதில் கிட்டுவதில்லை. துளைகளின் இடைவெளி 8 மில்லிமீட்டர். 8, 24 பற்களுடைய சக்கரங்களின் மையங்கள் 16 மில்லிமீட்டர் விலகி நிற்பதால் துளைகளில் அமைகின்றன. 16, 24 பற்களுடையவற்றுக்கு வேண்டுவதோ 20 மில்லிமீட்டர். ஒரே வரிசைத் துளைகளில் அவை பொருந்தா. தாமே கியர்ப்பெட்டி ஆக்குவோர் செங்கலை அரைத் துளை நகர்த்தியும் அடுக்கின் உயரத்தை மாற்றியும் மல்லாடுவது இதனாலேயே.

கணவாயின் வளைவுகள் இன்னொரு சிக்கலைத் தருகின்றன. திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். டோசன் பாதையின் காலத்திலேயே, 1820களின் இறுதியில், ஒனேசிபோர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டிக்கென இதற்குத் தீர்வு கண்டு உரிமம் பெற்றார். 1980இல் வெளிவந்த செங்கல் காரின் பின்னச்சிலும் அவ்வமைப்பே இருந்தது: சிறு கூட்டுக்குள் மூன்று சாய்பற்சக்கரங்கள்.