உயர்மொழியினுள் பொறிமொழி: ஒரு வரலாற்று நோக்கு

கணனிச் செய்நிரலாக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் அதனைப் படிமுறை வளர்ச்சியாகவே காட்டுவர். முதலில் வெறும் எண்களால் அமைந்த பொறிமொழி; அடுத்து அவ்வெண்களுக்குச் சுருக்கக் குறியீடுகளைத் தந்த ஒருங்குசேர் மொழி; அதன்பின் மனிதர் கணிதம் எழுதும் பாங்கைத் தழுவிய உயர்மட்ட மொழிகள். பிந்தியது முந்தியதை அகற்றியது என்பது அவர்தம் கொள்கை. தோன்றிய வரிசை உண்மையே. அகற்றியது என்னும் கூற்றோ சான்றுகளுடன் பொருந்துவதன்று. உயர்மொழிகள் பல, பொறியுடன் நேரே பேசுதற்கென ஒரு வாயிலைத் தம்மகத்தே திறந்து வைத்திருந்தன.

1960 சனவரியில் பாரிஸ் நகரிற் கூடிய 13 அறிஞர் வகுத்த அல்கோல் மொழி இதற்கு நல்ல சான்றாகும். செய்முறையொன்றின் உடற்பகுதியை அல்கோல் அல்லாத மொழியிலும் எழுதலாம் என அவர்தம் அறிக்கை இடமளித்தது. அம்மொழி யாது, அதன் விதிகள் யாவை என்பவற்றை அது கூறவில்லை. அந்தந்தப் பொறிக்குரிய விடயமென விட்டுவிட்டது. இலக்கணத்தை நுணுகி வகுத்த அறிக்கை இவ்விடத்தில் வாய்மூடியமை வியப்பூட்டலாம். ஆயின் உள்ளீடு, வெளியீடு பற்றியும் அவ்வறிக்கை எதுவுங் கூறாமையை இதனுடன் இணைத்து நோக்க வேண்டும். கணித்த விடையைத் தாளில் அச்சிடுதற்குக்கூட அல்கோலுக்குப் பிறமொழியின் துணை வேண்டியிருந்தது.

1973 இல் சீ மொழியில் மீள எழுதப்பட்ட யுனிக்ஸ் பணிசெயல் முறைமை இத்தேவையின் அளவினையே காட்டிவிடுகின்றது. அதன் கருப்பகுதியில் ஏறத்தாழ 10,000 வரிகள் சீ மொழியிலும், 1,000 வரிகள் ஒருங்குசேர் மொழியிலும் அமைந்தன என்று கென் தொம்சன் 1978 இல் எழுதினார். அவ்வாயிரத்துள் 200 வரிகள் விரைவு கருதியவை. அவற்றைச் சீ மொழியிலும் எழுதியிருக்கலாம். எஞ்சிய 800 வரிகள் சீ மொழியாற் செய்யவியலாத வன்பொருட் பணிகளுக்கானவை. பொறிமொழியை நாடுவோர் விரைவுக்காகவே நாடுகின்றனர் என்னும் பொதுக்கருத்தை இக்கணக்கு மறுக்கின்றது.

மேற்கூறியவை வல்லுநர்க்குத் திறந்த வாயில்கள். அதனைப் பள்ளி மாணவர்க்குந் திறந்தமை பிபிசி பேசிக் மொழியின் தனிச்சிறப்பாகும். கேம்பிரிட்ஜ் நகரின் ஏக்கோர்ண் நிறுவனம், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கணனி எழுத்தறிவுத் திட்டத்திற்காக 1981 டிசெம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணனிக்கென, அம்மொழியைச் சோபி வில்சன் ஆக்கினார். பேசிக் செய்நிரலின் நடுவே ஒரு சதுர அடைப்புக்குறியை இட்டால், அது மூடப்படும்வரை வருவன யாவும் 6502 என்னும் நுண்செயலியின் ஒருங்குசேர் மொழிக் கட்டளைகளாகக் கொள்ளப்பட்டன.

இவ்வமைப்பின் அழகு, இரு மொழிகளும் அடுத்தடுத்து நிற்பதில் மட்டும் இல்லை. ஒன்றன் ஆற்றல் மற்றதற்கு உதவுவதிலும் இருந்தது. பின்னால் வரும் இடமொன்றிற்குத் தாவுமாறு கட்டளையிடும்போது அவ்விடத்தின் முகவரி முதல் வாசிப்பில் தெரியவராது. எனவே அப்பகுதி முழுவதையும் இருமுறை கடக்க வேண்டும். அதற்கெனப் புதிய ஏற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பேசிக்கின் சாதாரணச் சுழல் கூற்றொன்றினுள் அடைப்புக்குறிகளை வைத்தலே போதுமாயிற்று. பேசிக்கின் மாறிகளையும் கட்டளைகளினுள் எடுத்தாளலாம். கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட எலைட் என்னும் புகழ்பெற்ற விளையாட்டும் இவ்வடைப்புக்குறிகளுக்குள்ளேயே எழுதப்பட்டது.

பாதுகாப்பு இல்லாத வாயில் அது. பேசிக்கிற் பிழை நேர்ந்தால் பொறி பிழையின் பெயரையும் வரியெண்ணையும் கூறும். அடைப்புக்குறிக்குள் எழுதிய கட்டளை பிழைத்தால் கணனி எதுவுங் கூறாது உறைந்துபோகலாம். பொறிக்குச் சேதமில்லை, மாணவனின் உழைப்பு மட்டுமே போகும். முன்னரே சேமித்து வைத்தவன் தப்பினான்.

பொறி மாறினாற் பயனிழத்தல் மற்றொரு விலை. ஏக்கோர்ண் நிறுவனம் 1983 இல் ஆர்ம் என்னும் புதிய செயலியை வடிவமைக்கத் தொடங்கியது. அதன் கட்டளைத் தொகுதியை வகுத்தவரும் வில்சனே. செயலி உருப்பெறுமுன் அக்கட்டளைகளைப் போலச்செய்து சோதிக்கும் செய்நிரலையும் அவர் பிபிசி பேசிக்கிலேயே எழுதினார். பொறிமொழிக்கு இடங்கொடுத்த உயர்மொழி, இன்னொரு பொறிமொழி பிறத்தற்குத் தொட்டிலாயிற்று. 1985 ஏப்ரலில் முதற் செயலி வந்து இயங்கியது. 1987 இல் ஆர்ம் செயலியைத் தாங்கி வெளிவந்த ஆக்கிமிடீஸ் கணனியில், பேசிக்கில் மட்டும் எழுதப்பட்ட பழைய செய்நிரல்கள் பெரும்பாலும் இயங்கின; 6502 கட்டளைகளோ அச்செயலிக்குப் பொருளற்றனவாயின. எனினும் புதிய பேசிக்கிலிருந்து சதுர அடைப்புக்குறிகள் நீக்கப்படவில்லை. அவற்றுள் எழுதப்படுவன ஆர்ம் கட்டளைகளாயின.