பின்பக்கத்துப் பாட்டு

மெக்சிகோவின் கிழக்குக் கரையில் உள்ள வெராகுருஸ் மாநிலத்தில், கல்யாணத்தில் ஒரு நீளமான ரிப்பனைக் காலடியில் போடுவார்கள். தரீமா என்று ஒரு மரப்பலகை மேடை. மணமகனும் மணமகளும் அதன்மேல் ஏறி நின்று, கை படாமல், ஆடுகிற காலாலேயே அந்த ரிப்பனைப் பூ முடிச்சாகப் போட்டுவிட வேண்டும். குதிகால் பலகையில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். நுனிக்கால் ரிப்பனை இழுக்கும், வளைக்கும், கண்ணிக்குள் நுழைக்கும். முடிச்சு விழுந்ததும் எடுத்து உயர்த்திக் காட்டுவார்கள். இத்தனைக்கும் பின்னால் சுற்றிச் சுற்றி வரும் பாட்டின் பெயர் லா பாம்பா. 1987இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றுக்கும் அதே பெயர்தான். படம், பதினேழு வயதில் செத்துப்போன ரிச்சி வேலன்ஸ் என்ற ராக் அண்ட் ரோல் பாடகனின் வாழ்க்கைக் கதை. பையனின் கதையைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பாட்டின் பின்னால் போகிறேன்; பையன் வழியில் வருவான்.

பாட்டுக்கு ஆசிரியர் என்று யாரும் கிடையாது. வெராகுருஸ் துறைமுகப் பட்டினம். ஸ்பானியர் கொண்டுவந்த கம்பி வாத்தியங்களும், அடிமைகளாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும், பூர்வகுடிகளின் வழக்கங்களும் அங்கே ஒன்றில் ஒன்று கலந்து ஊறி சோன் ஹரோச்சோ என்கிற இசையானது. ஹரானா என்ற சின்னக் கிட்டார்தான் அதற்கு அடிநாதம். மேலே மெட்டை ரெக்கின்டோ வாசிக்கும், சில ஊர்களில் ஹார்ப்பும் சேரும். வரிகளும் நிலையில்லாதவை. ஒருவர் இட்டுக்கட்டி ஒரு கண்ணி பாடினால் அடுத்தவர் பதிலுக்கு ஒன்று கட்டுவார். பண்டாங்கோ என்று சொல்லப்படும் அந்தக் கூடல் விடியும்வரை போகும். 1683இல் லொரென்சியோ என்ற கடற்கொள்ளைக்காரன் வெராகுருஸ் நகரைச் சூறையாடிய சம்பவத்தோடு பாட்டைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை.

கிராமத்துப் பாட்டை ஊரறிய வைத்தவை இசைத்தட்டும் அரசியலும். நமக்குத் தெரிந்த மிகப் பழைய பதிவு 1930களின் கடைசியில் ஆல்வரோ எர்னாண்டெஸ் ஒர்டிஸ் பாடியது. பிறகு வெராகுருஸ்காரரான மிகேல் அலெமான் 1946இல் மெக்சிகோவின் அதிபர் தேர்தலில் நின்றபோது, பிரசாரக் கூட்டங்களில் இந்தப் பாட்டைத்தான் வாசிக்க வைத்தார். அவர் ஜெயித்தார், பாட்டு அவரைவிட நன்றாக ஜெயித்தது. 1952இல் அமாலியா எர்னாண்டெஸ் தொடங்கிய நாட்டிய நிறுவனம் ரிப்பன் முடிச்சை நாடக மேடைக்குக் கொண்டுபோனது. கல்யாண வீட்டுப் பாட்டு தேசத்தின் அடையாளமாகி, சுற்றுலாப் பயணிகளுக்குத் தினமும் வாசிக்கிற உருப்படியும் ஆகிவிட்டது.

எல்லைக்கு வடக்கே, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஓரத்தில் பகோய்மா என்று ஓர் ஊர். 1941 மே 13இல் பிறந்த ரிச்சர்ட் ஸ்டீவன் வலென்சுவேலா அங்கே வளர்ந்தான். பத்து வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா கோனிதான் வளர்த்தார். பேச்சுக்கு ஆங்கிலம், ஸ்பானிஷ் அரைகுறை. ஆனால் உறவினர் கூடும் இடத்திலெல்லாம் மெக்சிகப் பாட்டு இருந்தது. இடது கைப் பழக்கமுள்ள பையன் வலது கைக் கிட்டாரையே வாசிக்கப் பழகிக்கொண்டான். 1957 ஜனவரி 31 அன்று பகோய்மாவின் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் சிதைவுகள் அவன் படித்த பள்ளி மைதானத்தில் விழுந்து மாணவர்கள் இறந்தார்கள். ரிச்சி அன்று தாத்தாவின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்ததால் பள்ளியில் இல்லை. விமானம் என்றாலே அவனுக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

1958 மே மாதம், டெல்-ஃபை என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனியை நடத்திய பாப் கீன், சினிமா தியேட்டர் ஒன்றில் சனிக்கிழமைப் பகல் நிகழ்ச்சியில் இவன் வாசிப்பதைக் கேட்டார். பெயரில் பாதியை வெட்டி வேலன்ஸ் ஆக்கினார். மெக்சிகப் பெயர் தெரிந்தால் வானொலிக்காரர்கள் தட்டைப் போட மாட்டார்கள் என்ற கணக்கு. அதே கீன்தான் இந்த ஸ்பானிஷ் பாட்டைப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்தியவரும். பெயரில் மெக்சிகோ வேண்டாம், பாட்டில் இருக்கட்டும்! ரிச்சி முதலில் தயங்கினான். ஊர்ப் பாட்டை ராக் ஆக்கினால் பெரியவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை. மொழியும் சரியாக வராது. அத்தை ஒருவர் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பை வைத்துத்தான் பாடினான்.

பதிவு நடந்தது ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில். ஹார்ப் இல்லை, ஹரானா இல்லை. டிரம்ஸில் எர்ல் பால்மர்; நியூ ஆர்லியன்ஸில் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்த கை. ரிதம் கிட்டாரில் கேரல் கே. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குள் கிட்டாரோடு நுழைந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரெனே ஹால் ஆறு கம்பி டான்எலெக்ட்ரோ பேஸை எடுத்துக்கொண்டார். பாட்டின் தொடக்கத்தில் துள்ளிக்கொண்டு வருகிறதே ஒரு கிட்டார் ஓட்டம், அதைக் கீழே இருந்து தாங்கிப் பிடிப்பது அந்த வாத்தியம்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், சாதாரண கிட்டாரைவிடக் கனமாகவும் பேஸைவிடக் கூர்மையாகவும் ஒரு நாதம் கேட்கும். மூன்றே கார்டுகள், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், இடைவெளியே இல்லாத ஓட்டம். விடியவிடிய நீளும் பாட்டை வானொலிக்கு ஏற்ற அளவில் வெட்டியிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சுழற்சி மட்டும் போகவில்லை. மூன்று கார்டும் வெராகுருஸில் இருந்தவைதான்.

தட்டு 1958 கடைசியில் வந்தது. முன்பக்கத்தில் ‘டோனா’ என்ற காதல் பாட்டு. பள்ளித் தோழி ஒருத்திக்காக எழுதியது. லா பாம்பா பின்பக்கத்தில். அமெரிக்கப் பட்டியலில் டோனா இரண்டாம் இடம்வரை போனது, லா பாம்பா இருபத்திரண்டாம் இடத்தோடு நின்றது. இன்றைக்கு டோனாவை முணுமுணுக்கிறவர்கள் எத்தனை பேர்?

1959 பிப்ரவரி 3 அன்று நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. சூடேற்றி பழுதான பேருந்தில், கடுங்குளிரில், ஊர் ஊராகக் கச்சேரி. அயோவாவின் கிளியர் லேக்கில் நிகழ்ச்சி முடிந்ததும், அதே கச்சேரிகளில் பாடிவந்த பட்டி ஹாலி ஒரு சிறு விமானம் அமர்த்தினார். கடைசி இருக்கைக்கு ரிச்சியும் கிட்டார்க்காரர் டாமி ஆல்சப்பும் காசு சுண்டினார்கள். ரிச்சி ஜெயித்தான். விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்தது. ஹாலி, ரிச்சி, பிக் பாப்பர் என்ற பெயரில் பாடிய ஜே. பி. ரிச்சர்ட்சன், விமானி ரோஜர் பீட்டர்சன் நால்வரும் இறந்தார்கள்.

பாட்டு நிற்கவில்லை. டிரினி லோபஸ் 1963இல் தன் நேரடி இசைத்தட்டில் பாடினார். பீட்டில்ஸ் பாடி ஊரெல்லாம் கேட்ட ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இதே மூன்று கார்டுகள் ஓடுகின்றன. ஆனால் பாடியவன் மங்கிப்போனான். 1978இல் பட்டி ஹாலியின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது ரிச்சி அதில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் பாத்திரம்தான்.

இங்கேதான் வால்டெஸ் சகோதரர்கள் வருகிறார்கள். லூயிஸ் வால்டெஸ் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1965இல் டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லாரியின் பின்பக்கத்தையே மேடையாக்கி நாடகம் போட்ட எல் டியட்ரோ கம்பெசினோ குழுவைத் தொடங்கியவர். அவருடைய ‘ஜூட் சூட்’ 1979இல் பிராட்வேக்குப் போனது. ரிச்சியைப் படமாக்கும் எண்ணம் தம்பி டேனியலுடையது. ரிச்சியின் குடும்பத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், தங்கள் நாடகக் குழு இருந்த சான் ஹுவான் பவுடிஸ்டாவுக்குப் பக்கத்திலேயே வாட்சன்வில்லில் அவர்கள் இருந்தார்கள். குடும்பம் படத்துக்குத் துணை நின்றது. தொடக்கத்தில் வரும் வீட்டு விருந்துக் காட்சியில் ரிச்சிக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பார். நிஜமான கோனி அவர்தான். படம் வந்த அதே வருஷம் காலமானார்.

ரிச்சியாக நடித்த லூ டயமண்ட் ஃபிலிப்ஸ் மெக்சிகர் அல்ல. அம்மா பிலிப்பினோ, வளர்ந்தது டெக்சாஸ். அண்ணன் பாப் வேடத்துக்கு வாய்ப்புத் தேடி வந்தவரைத் தம்பியாக்கிவிட்டார்கள். அண்ணன் வேடம் இசாய் மொராலஸுக்குப் போனது. என்னைக் கேட்டால் படத்தின் உயிர் அந்த அண்ணன்தான். குடி, கோபம், தம்பி மேல் பொறாமை, அதைவிடப் பெரிய பாசம். ரிச்சி நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையை வைத்து எவ்வளவு நேரம் படம் ஓட்ட முடியும்? விமானக் கனவு, நாட்டு வைத்தியர் கொடுத்த தாயத்து, அது அறுந்து விழுவது என்று சகுனங்களை அடுக்கியிருப்பது எனக்குக் கொஞ்சம் அதிகம். முடிவு தெரிந்த கதைக்கு இத்தனை முன்னறிவிப்பு எதற்கு?

படத்தில் ரிச்சி இந்தப் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போவது டிஹுவானாவில் ஒரு விடுதியில். அண்ணன் கூட்டிப்போன இடம் வேறு எதற்கோ. தம்பியின் கண் மேடையை விட்டு நகராது. அங்கே வாசிக்கிற குழு லாஸ் லோபோஸ். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 1973இல் சேர்ந்து, மெக்சிகப் பழம்பாட்டுகளைக் கல்யாணங்களில் வாசித்துப் பழகி, பிறகு ராக் பக்கம் வந்தவர்கள். படத்தில் ரிச்சியின் வாயசைப்புக்குக் குரல் கொடுத்தவரும் இந்தக் குழுவின் டேவிட் இடால்கோதான்.

1987 ஜூலை 24 அன்று படம் வெளியானது. ஆங்கிலப் பிரதிகளோடு ஸ்பானிஷில் பேசும் பிரதிகளையும் கொலம்பியா நிறுவனம் அனுப்பியது. சுமார் 65 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்துச் சக்கைப்போடு போட்டது. லாஸ் லோபோஸின் லா பாம்பா ஆகஸ்ட் கடைசியில் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து மூன்று வாரம் இருந்தது. முழுக்க ஸ்பானிஷில் பாடிய பாட்டு அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவர்களுடைய பதிவைக் கடைசிவரை கேட்க வேண்டும். மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் ஓய்ந்த பிறகு, ஹரோச்சோ பாணியில் தந்தி வாத்தியங்கள் தனியாகச் சில நொடி ஓடும். ரிச்சி கழற்றி வைத்ததை இவர்கள் வாலில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். வானொலியில் பெரும்பாலும் அதற்கு முன்பே அறிவிப்பாளர் பேச ஆரம்பித்துவிடுவார். அடுத்த வருஷம், இன்னொரு ராக் தட்டைக் கம்பெனி எதிர்பார்த்திருந்த வேளையில், பழம்பாட்டுகளை மட்டும் வைத்து ‘லா பிஸ்டோலா இ எல் கொராசோன்’ வெளியிட்டார்கள். கிராமி வாங்கியது அது.

வெராகுருஸ் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1970களின் கடைசியிலிருந்து மோனோ பிளாங்கோ போன்ற குழுக்கள் பண்டாங்கோவை ஓட்டல் வாசலிலிருந்து மறுபடி கிராமத்துக்குக் கொண்டுபோயின. அந்த அலை கலிபோர்னியாவுக்கும் வந்தது. 2008இலிருந்து டிஹுவானாவுக்கும் சான் டியகோவுக்கும் நடுவிலுள்ள எல்லை வேலியின் இரண்டு பக்கமும் ஹரானாக்காரர்கள் கூடி, ஆளுக்கொரு தரீமா போட்டு, ஒரே பண்டாங்கோ நடத்தி வந்தார்கள். ஒரு கட்டத்தில் வேலிக் கம்பிவலையை இன்னும் நெருக்கமாக்கியதில் விரல் நுனி மட்டும்தான் புகும் என்றாகிவிட்டது. பாட்டுக்கு அது போதுமாயிருந்தது.

படம் 2017இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. ரிச்சியின் ஒலிப்பதிவும் அடுத்துத் தேசிய ஒலிப்பதிவேட்டுக்குப் போனது. 2024இல், படத்தை மறுபடி எடுக்கப்போவதாகவும் லூயிஸ் வால்டெஸும் அதில் பங்கெடுப்பதாகவும் செய்தி வந்தது. எடுப்பவர்களுக்கு என் கோரிக்கை இரண்டு. டிஹுவானா விடுதியை விட்டுவிட்டு, உறவினர் கூடிய ஒரு பகோய்மா வீட்டு முற்றத்தில் பையன் இந்தப் பாட்டைக் கேட்கட்டும். அப்புறம், பழைய படத்தின் முடிவில் அண்ணன் பாலத்தின்மேல் நின்று தம்பியைப் பெயர் சொல்லிக் கத்தும்போது ‘ஸ்லீப் வாக்’ என்ற கிட்டார் இசை வரும். அது ரிச்சி இறந்து பல மாதம் கழித்து வெளியான தட்டு. தேதிப்படி தப்பு. அதை மட்டும் மாற்ற வேண்டாம்.