குக்கர் சொன்ன சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து நண்பன் போன் செய்தான். "எல்லாரும் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தியே எழுதித் தர்றாங்கடா. நீயாவது டெக்னிக்கலா ஒண்ணு எழுதிக் குடு" என்றான். பாய்லரோடு மாரடிக்கும் எனக்கு வேறென்ன தெரியும்? நீராவியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது அடுப்பங்கரையில்தான் போய் நின்றது. நண்பன் மன்னிக்க வேண்டும்.

முதலில் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பாய்லருக்கு உயிர்நாடியான சேஃப்டி வால்வ் பெயர் பெற்றது எந்த இயந்திரத்தில்? ரயில் எஞ்சின் என்பீர்கள். சுரங்கத்து பம்ப் என்பீர்கள். இரண்டும் இல்லை. எலும்பு வேக வைத்த ஒரு சமையல் பாத்திரத்தில்!

எலும்பை வேக வைத்த டாக்டர்

டெனிஸ் பாப்பின் என்பவர் 1647ல் பிரான்சில் பிறந்தவர். படித்தது மருத்துவம், மனது போனதோ இயந்திரங்களின் பக்கம். பாரீசில் ஹைகன்ஸிடம் உதவியாளராக இருந்தார். பிறகு லண்டன் வந்து ராபர்ட் பாயிலிடம் சேர்ந்தார். முதல் வருடத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்திய 'பாயில் விதி'யின் அதே பாயில்தான்.

1679ல் பாப்பின் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். கனமான உலோகம், திருகி இறுக்கும் மூடி. ஆவி வெளியே போக முடியாததால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். கல் போன்ற எலும்பும் அதில் மெத்தென்று வெந்தது. வீணாகும் எலும்பிலிருந்து ஏழைகளுக்குச் சத்தான உணவு கிடைக்கும் என்பது அவர் எண்ணம்.

ஆவியை இப்படி அடைத்து வைத்தால் பாத்திரம் வெடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மூடியில் ஒரு சிறு துளை வைத்தார். துளையை அடைக்க ஒரு வால்வ். வால்வை அழுத்திப் பிடிக்க, எடை தொங்கும் ஒரு நெம்புகோல். ஆவி எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். 1681ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. நம் வீட்டு குக்கரின் 'வெயிட்'டுக்கு இதுதான் பாட்டன்.

இன்னொரு வேடிக்கை. உள்ளே சூடு எவ்வளவு என்று பார்க்க அன்று நல்ல தெர்மாமீட்டர் கிடையாது. பாப்பின் மூடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது ஆவியாக எத்தனை நொடி ஆகிறது என்று ஊசல் வைத்து எண்ணினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் நம் அம்மாக்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை!

1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்காரர்கள் சிலர் இந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தைச் சாப்பிட்டார்கள். ஜான் ஈவ்லின் தம் டயரியில் அதை எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டனவாம். செலவான கரி அரை ராத்தலுக்கும் குறைவாம்.

பாப்பின் அங்கே நிற்கவில்லை. 1690ல், நீராவியால் ஒரு சிலிண்டருக்குள் பிஸ்டனை நகர்த்தலாம் என்று எழுதினார். 1712ல் நியூகோமனின் எஞ்சின் வந்தது. ஆக, நம் துறையின் வேர் சமையல் பாத்திரத்தில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

கொஞ்சம் கணக்கு

மூடியின் குறுக்களவு 20 செ.மீ. என்று வையுங்கள். பரப்பு 314 சதுர செ.மீ. வீட்டு குக்கரின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ. அப்படியானால் மூடியை மேலே தள்ளும் விசை 314 கிலோ! ஐந்து பேர் ஏறி நிற்கிற பாரம். ஆனால் வெயிட் உட்காரும் துளை 3 மி.மீ.தான் என்றால் அதன் பரப்பு 0.07 சதுர செ.மீ. அதை அடக்க 70 கிராம் போதும். 314 கிலோவுக்குக் காவல் 70 கிராம். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் காவல் போயிற்று.

ஸ்பானரும் போல்ட்டும்

1803 செப்டம்பரில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த பாய்லர் ஒன்று வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். கவனித்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பொறுப்பை வேறொரு தொழிலாளியிடம் விட்டிருந்தான். அவர் எஞ்சினை நிறுத்தினார். ஆனால் சேஃப்டி வால்வின் நெம்புகோல் மேலே எழாதபடி ஒரு ஸ்பானர் மாட்டியிருந்தது. அதை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு டிரெவிதிக் இரண்டு வால்வுகள் வைத்தார். கூடவே, சூடு மிஞ்சினால் உருகி வழிவிடும் ஈய அடைப்பான் ஒன்றையும் சேர்த்தார். குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி ப்ளக் அந்த வம்சம்தான்.

இந்தக் கதையை நான் பாய்லர் புத்தகத்தில் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. காரணம் இருக்கிறது.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன புதிது. நம் பேட்ச் நண்பர்கள் மூன்று பேர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய குக்கர் ஒன்று. அதன் சேஃப்டி ப்ளக் வழியாக ஆவி கசிந்துகொண்டே இருந்தது. கடையில் போய்ப் புதிது வாங்க வேண்டும். விலையும் கொஞ்சம்தான். ஆனால் நான் எஞ்சினியர் ஆயிற்றே! ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு போல்ட், நட், வாஷர் கொண்டுவந்து அந்தத் துளையில் இறுக்கினேன். கசிவு நின்றது. "பாத்தியாடா, இதான் மெக்கானிக்கல்" என்று பெருமை வேறு.

இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. கடலைப்பருப்பை முக்கால் பாத்திரத்துக்கு மேல் போட்டு ஏற்றினோம். நுரை பொங்கிப் பருப்புத் தோல் ஆவிக் குழாயை அடைத்திருக்க வேண்டும். விசில் வரவே இல்லை. பார்க்கலாம் என்று நண்பன் அடுப்பருகே போனான். அடுத்த நொடி மூடி கூரையில் அடித்தது. கொதிக்கும் பருப்பு அவன் வலது கையிலும் தோளிலும். அவன் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்காரரிடமும் அவன் பெற்றோரிடமும் "கேஸ்கட் பழசு, அதான்" என்று சொன்னேன். அவனிடமும் அதையே சொன்னேன். நொறுங்கிய மூடியிலிருந்து போல்ட்டைக் கழற்றிச் சாக்கடையில் போட்டது நான்தான். டிரெவிதிக் காலத்துத் தொழிலாளிக்கு ஸ்பானர் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு ப்ளக் எதற்கு என்று தெரியும். அதில் பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.

அம்மாவின் பாடத்திட்டம்

அப்புறம் ஊருக்குப் போனபோது அம்மா சமைப்பதை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். மூடுவதற்கு முன் ஆவிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஈர்க்குச்சியால் ஒரு குத்து. பருப்பு என்றால் பாதிக்கு மேல் கிடையாது. நுரை பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய். "ஆவி சீறிக்கிட்டு வந்தப்புறம் வெயிட்டப் போடுப்பா" என்பார்.

அந்தக் கடைசி விதியின் அருமை பிறகுதான் புரிந்தது. உள்ளே காற்று தங்கிவிட்டால், அழுத்தம் அதேதான் என்றாலும் சூடு குறையும். காற்று முழுதும் போனால்தான் சுமார் 120 டிகிரி கிடைக்கும். பாஸ்டரின் சீடர் சார்ல்ஸ் ஷாம்பர்லாண்ட் 1879ல் செய்த ஆட்டோகிளேவ், பாப்பினின் பாத்திரம் 200 வருடம் கழித்து எடுத்த மறுபிறவிதான். சாதாரணக் கொதிநீரில் சாகாத கிருமி விதைகள் 121 டிகிரி நீராவியில் சாகின்றன. ஆஸ்பத்திரியிலும் முதல் விதி காற்றை வெளியேற்றுவதே.

குக்கரின் காவல் மூடியைத் திறக்கும்வரைதான். மிஞ்சிய சாதத்தை வெளியிலேயே வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி விஷம் உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

நம் நாட்டில் 1959ல் ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் குக்கர் தயாரிப்பில் இறங்கின. 2021 பிப்ரவரி முதல் வீட்டு குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கட் பிதுங்கி வழிவிட மூடியின் ஓரத்தில் ஜன்னல் வைத்த குக்கர்களும் இருக்கின்றன. இவையெல்லாம் யாரோ பட்ட காயத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒரு போல்ட் போதும், அத்தனையையும் வீணாக்க.

நண்பா, இந்த மலரை நீயும் வாங்குவாய். இந்தப் பக்கத்தைப் படிப்பாய். கேஸ்கட் அல்ல, நான்தான். 14 வருடமாகச் சொல்லவில்லை. சந்திப்பு நாளில் மதியச் சாப்பாட்டுக்கு உன் பக்கத்தில் உட்காருவேன். திட்டுவதென்றால் அங்கேயே திட்டு.

மற்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் குக்கர் மூடியை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும்.